ஊர்க்காரருக்கே ஊர் காட்டுபவர்

சுற்றுலாப் பயணிகளில் பல இனங்கள் உண்டு. பாறையைக் கண்ட இடத்தில் எல்லாம் தன் பெயரையும் பக்கத்தில் ஓர் இதயத்தையும் செதுக்கிவிட்டு வருபவர் ஓர் இனம். வண்டி கிளம்பியதும் வாயைப் பிளந்து தூங்கி, ஊர் வந்ததும் "வந்தாச்சா?" என்று கேட்டு, திரும்பும்போது மறுபடியும் தூங்குபவர் இன்னோர் இனம். பிஸ்கட் உறையைக் கையிலிருந்து நழுவவிட்டு, "ஐயோ, காத்து!" என்று காற்றின் மேல் பழி போடுபவரையும் பார்த்திருப்பீர்கள். இவர்கள் யாரையும் பற்றி நான் எழுதப் போவதில்லை. இவர்களைத் திட்ட ஊரில் ஆள் இருக்கிறது. சொல்லப்போனால், இவர்களைத் திட்டுவதற்கென்றே ஓர் இனம் தனியாகப் பிறந்து, வளர்ந்து, தோளில் துணிப்பை மாட்டிக்கொண்டு அலைகிறது. இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஊர்க்காரருக்கே ஊர் காட்டுபவர் என்று இதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். இந்த இனத்தை ஆராய நான் காடு மேடு அலைய வேண்டியிருக்கவில்லை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் இதில் முதல்தரமான மாதிரி. அதாவது என் சகலை. பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் அடுத்தவர் வகுப்பறைக்குள் நுழைந்து, அடுத்தவர் பாடத்தைத் தான் நடத்திவிட்டு வெளியே வந்த பழக்கம். வேலை போனது, பழக்கம் போகவில்லை. இப்போது அவருக்கு உலகமே வகுப்பறை.

பயணம் கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே இவருடைய கட்டளைகள் வர ஆரம்பித்துவிடும். பிளாஸ்டிக் கூடாது. சத்தம் கூடாது. வாசனைத் தைலம் கூடாது, பூச்சிகள் குழம்பிவிடும். ஆளுக்கொரு எவர்சில்வர் தம்ளர், எவர்சில்வர் தட்டு, எவர்சில்வர் தண்ணீர்க் குப்பி. எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு அவரும் அக்காவும் நானும் மனைவியுமாக நாலு பேர் நடந்தால், யானை இல்லாமலே பாத்திரக்கடைச் சத்தம் கேட்கும். "நாம டூரிஸ்ட் இல்லை, விருந்தாளி. அதை மறந்துடக் கூடாது" என்பார். நல்ல பேச்சுதானே? மறுக்க முடியுமா? அதுதான் இந்த இனத்தின் விசேஷம். சொல்வது அத்தனையும் சரியாக இருக்கும். அதனால்தான் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தலைவலி வருகிறது.

அவர் தோளில் தொங்கும் துணிப்பையில் மூன்று வாக்கியங்கள் அச்சடித்திருக்கும். அவரே எழுதியது: 'பார். ரசி. பேசாமல் திரும்பு.' இந்த மூன்றில் முதல் இரண்டுக்கு அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. மூன்றாவதைப் பற்றி நான் என்ன சொல்ல?

ஊரில் போய் இறங்கியதும் முதல் வேலை, உள்ளூர்ப் பண்பாட்டை மதிப்பது. எந்தப் படியைக் கண்டாலும் செருப்பைக் கழற்றுவார். போன தடவை பேருந்து நிலைய விசாரணைக் கவுண்டர் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார். உள்ளே இருந்தவர் பூட்ஸ் காலோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்துத் தன் காலைப் பார்த்து, என்னமோ ஏதோ என்று பதறிப்போய் பூட்ஸைக் கழற்றிவிட்டார். "பாத்தியா, என்ன மரியாதை இந்த ஊர்ல!" என்று சகலை என்னிடம் பூரித்துப்போனார்.

இரண்டாவது வேலை, உள்ளூர் உடை வாங்குவது. கடைக்காரர் பரணில் ஏறி, தூசி தட்டி, கட்டம் போட்ட ஒரு நீளச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு சகலை கடைத்தெருவில் நடந்தால், அந்த ஊரில் உள்ளூர் உடையில் இருக்கும் ஒரே ஆள் அவர்தான். ஊர்க்காரர்கள் வந்து அவர் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஓட்டலில் தங்கமாட்டார். ஊர்க்காரர் வீட்டில்தான் தங்க வேண்டும், அசல் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரம்மா பாவம், ராத்திரி எட்டு மணி ஆனதும் வழக்கம்போலத் தொடர் பார்க்க டிவியைப் போட்டார். "இந்த ஊர்ல டிவி பாக்கற வழக்கமே கிடையாதேம்மா" என்றார் சகலை, வருத்தமாக. அந்தம்மா தன் சொந்த வீட்டில், தன் சொந்த டிவியை, தப்பு செய்த பிள்ளை மாதிரி அணைத்தார். மறுநாள் காலையில் அவர் பாத்திரம் கழுவும்போது, "இயல்பா இருங்க, இயல்பா இருங்க" என்று சொல்லிச் சொல்லிப் படம் எடுத்து, வெளிச்சம் போதவில்லை என்று, கழுவி வைத்த பாத்திரத்தையே வாசலுக்கு எடுத்துவந்து இன்னொரு தரம் கழுவச் சொன்னார் சகலை. அசல் வாழ்க்கை என்றால் சும்மாவா?

தெருவில் வழி கேட்பார். கேட்டுவிட்டு, வழியும் அவரே சொல்வார்.

"பெரியவரே, ஆத்தங்கரைக்கு எப்படிப் போகணும்?"

"நேராப் போயி..."

"நேராப் போயி இடது பக்கம். தெரியும்."

"வலது பக்கம் தம்பி."

"அது புது வழி. அதாவது என்னன்னா, பழைய வழி இடது பக்கம். நான் படிச்சிருக்கேன்."

இடது பக்கம் போனோம். வழி ஒரு மாட்டுக் கொட்டகையில் போய் முடிந்தது. மாடு எங்களைப் பார்த்தது, நாங்கள் மாட்டைப் பார்த்தோம். "அசல் கொட்டகை!" என்றார் சகலை.

இந்த 'அதாவது என்னன்னா'வைக் கொஞ்சம் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த இனத்தின் கூவல் அதுதான். ஊர்க்காரர் எவராவது வாயைத் திறந்து அரை வாக்கியம் சொல்வதற்குள், 'அதாவது என்னன்னா' வந்து மீதி அரை வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அன்றைக்கு ஆற்றில் நடந்த அத்தனை கூத்துக்கும் அதுதான் காரணம்.

ஆற்றின் நடுவே ஒரு கூழாங்கல் திட்டு. கோடையில் தண்ணீர் வற்றும்போது மேலே தெரியும். அதில் ஆட்காட்டிக் குருவிகள் வந்து முட்டையிடும். ஆட்காட்டி என்றால் தெரியுமல்லவா? ஆளைக் கண்டால் ஊரைக் கூட்டும், நீளக் கால் வைத்த குருவி. அது குச்சி பொறுக்கிக் கூடு கட்டாது. வெறும் கல் மேல், கல்லுக்கு நடுவே முட்டையை வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அதைப் பார்க்க அழைத்துப் போக ஒரே ஒரு துடுப்புப் படகு. ஓட்டுபவர் ஓர் அம்மா. நாற்பது வயது இருக்கும், கருத்த கை, அதிகம் பேசாத வாய். படகில் நாங்கள் நாலு பேர், கூட ஒரு புதுமணத் தம்பதி. அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதைத் தவிர வேறு எந்த இயற்கைக் காட்சியிலும் அக்கறை காட்டவில்லை.

சகலை படகின் முன்பக்கம் ஏறி நின்றுகொண்டு தம்பதிக்கு ஆற்றைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். பின்பக்கம், துடுப்புக்குப் பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு குணம், யாராவது பேசினால் கேட்பாள். குடும்பத்தில் இது அபூர்வம். அதனால் படகுக்காரம்மா அவளிடம் மட்டும் நாலு வார்த்தை பேசினார்.

"முன்னாடி மோட்டார் படகுல கூட்டம் கூட்டமா வந்து, முட்டைய மிதிச்சு நாசம் பண்ணிட்டாங்கம்மா. வனத்துறை திட்டையே மூடிட்டாங்க. ரெண்டு வருஷம் நடையா நடந்தேன். இப்பதான், ஒரே படகு, ஒரு நாளைக்கு எட்டுப் பேருன்னு அனுமதி குடுத்திருக்காங்க. இன்னையோட பதினோராவது நாள்."

"நல்லதாப் போச்சும்மா" என்றாள் என் மனைவி.

"நல்லதுதான். ஆனா தினமும் சாயங்காலம் அதிகாரி வந்து முட்டைய எண்ணுவாரு. நாலு கூடு, பதினாறு முட்டை. ஆளுங்களால ஒண்ணு கொறஞ்சாலும் திட்டை மூடிடுவாங்க. அப்புறம் இந்தப் படகைக் கவுத்துப் போட்டு அது மேல துணிதான் காயப் போடணும். எங்க வீட்டு அடுப்பே இதுல எரியுதும்மா."

பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழச் சொல்லி மனிதர்களைத்தான் வாழ்த்துவார்கள். இங்கே குருவி பதினாறு பெற்றால்தான் படகுக்காரம்மாவுக்கு வாழ்வு. இதைக் கேட்டதும் எனக்கு மனசு கனத்துப்போனது. நிஜமாகவே கனத்தது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திட்டில் இறங்கினோம். குறுக்கே ஒரு வெள்ளைக் கயிறு கட்டியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் நாலு குச்சிகள் நட்டிருந்தன, கூட்டுக்கு ஒன்றாக. படகுக்காரம்மா எல்லோரையும் நிற்கவைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"அந்த வெள்ளைக் கயிறு இருக்கு பாருங்க, அதை..."

"அதாவது என்னன்னா," என்றார் சகலை, "கயிறுங்கறது வெறும் கயிறு இல்லை. மனுஷனுக்கும் இயற்கைக்கும் நடுவுல ஒரு ஒப்பந்தம்."

"ஐயா, அதுக்கு அந்தப் பக்கம் முட்டைங்க..."

"முட்டை! சரியாச் சொன்னீங்க. அதாவது என்னன்னா, இந்தக் குருவியோட முட்டை அசல் கூழாங்கல்லு மாதிரியே இருக்கும். அதே நிறம், அதே புள்ளி. சாதாரணக் கண்ணுக்குக் கண்டுபிடிக்கவே முடியாது."

"உங்க கண்ணுக்கு அத்தான்?" என்று கேட்டாள் என் மனைவி.

"இது பழகின கண்ணு."

படகுக்காரம்மா இன்னும் இரண்டு தரம் வாயைத் திறந்தார். இரண்டு தரமும் அதாவது என்னன்னா. கடைசியில் அவர் கையை விரித்துவிட்டு, படகைக் கட்டப் போனார். கயிற்றைத் தாண்டாதே, கல் எதையும் தொடாதே என்று அவர் சொல்ல வந்தது அவர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நம் ஒப்பந்தக்காரர் ஒப்பந்தத்தின் மேல் காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டினார்.

"சகலை, கயிறு!" என்றேன்.

"அது டூரிஸ்டுகளுக்குடா" என்றார்.

உள்ளே போய்க் குப்புறப் படுத்தார். தாழ்ந்து பணிந்து படம் எடுக்கிறாராம். ஆட்காட்டிக்கு வந்ததே ஆத்திரம்! எழும்பிப் பறந்து, அவர் தலையைச் சுற்றிச் சுற்றி, தொண்டை கிழியக் கத்தியது. அது பத்துத் தலைமுறையாகத் தன் பாஷையில் 'திருடன், திருடன்' என்று சொல்லிப் பழகிய குருவி. "பாத்தியா? என்னை வரவேற்குது!" என்று படுத்தபடியே என்னிடம் கத்தினார் சகலை.

எழுந்து வரும்போது கையில் ஒரு கல். அவர் வீட்டு வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி ஒன்று உண்டு. போன ஊரில் எல்லாம் எடுத்த ஒவ்வொரு கல், ஒவ்வொன்றின் கீழும் ஊர், தேதி எழுதிய சீட்டு. மற்றவர் எடுத்தால் திருட்டு, இவர் எடுத்தால் ஞாபகம்.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றார். "ஆறு கோவிச்சுக்காது. இந்தா, தொட்டுப் பாரு. வெதுவெதுன்னு இருக்கு இல்லை?"

தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

"வெயில் பட்டுப் பட்டு. அப்புறம் எவ்வளவு லேசா இருக்கு பாரு! அதாவது என்னன்னா, இது எரிமலைக் கல்லு. உள்ளே பூரா காத்து. இந்த ஆத்துல இது எப்படி வந்துச்சுன்னு யாருக்குமே தெரியாது."

உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். நீங்கள் நிழலில், நாற்காலியில் சாய்ந்துகொண்டு படிக்கிறீர்கள். எனக்கு அந்த வெயிலில் உறைக்கவில்லை. முப்பது வருஷம் ஆசிரியர்களை நடுங்கவைத்த குரலில் ஒருவர் எரிமலை என்று சொன்னால் எரிமலைதான். கல்லைக் கைக்குட்டையில் சுற்றி, இடுப்புப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து, தொப்பை மேல் பத்திரமாகத் தள்ளிக்கொண்டார். நான் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன். நிமிர்ந்தேன். கயிற்றோரமாக நடந்து திரும்பினோம்.

அதிகாரி வருவதற்கு முன்னால் தானும் ஒரு தரம் எண்ணிப் பார்ப்பது படகுக்காரம்மாவின் வழக்கம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, விரலை நீட்டி, உதடு அசையாமல் எண்ணினார். முதல் குச்சி, நாலு. இரண்டாவது, நாலு. மூன்றாவது, நாலு. நாலாவது குச்சியில் விரல் நின்றுவிட்டது. மறுபடி எண்ணினார். மறுபடியும். முகத்தில் ஈயாடவில்லை.

"மூணுதான் இருக்கு" என்றார். "இன்னைக்கோ நாளைக்கோ பொரிக்க வேண்டிய கூடு அது. யாராச்சும் எடுத்தீங்களா? கோவப்பட மாட்டேன். எடுத்திருந்தாக் குடுத்துடுங்க."

தூரத்தில், ஆற்று வளைவில், அதிகாரியின் படகு கடுகு மாதிரி தெரிந்தது.

இப்போது யார் கொதித்தெழுந்தார் என்று நினைக்கிறீர்கள்? என் சகலைதான்! அப்படி ஒரு ஆவேசத்தை நான் பார்த்ததில்லை. "வெட்கமா இல்லை?" என்று அந்தத் திட்டே அதிரும்படி கேட்டார். "ஒரு தாயோட வயித்துல அடிச்சிருக்கீங்களே! ரெண்டு தாயோட வயித்துல! எல்லாரும் பையைத் திறங்க. ஒருத்தரும் படகுல ஏறக் கூடாது." புதுமணப் பெண்ணின் கைப்பையை வாங்கிக் கல் மேல் கொட்டினார். சீப்பு, தலைவலித் தைலம், இரண்டு பேருந்துச் சீட்டு, பாதி தின்ற மிட்டாய். மாப்பிள்ளையின் தொப்பியை எடுத்து உள்ளே பார்த்தார். அங்கே கொஞ்சம் வழுக்கை ஆரம்பித்திருந்தது தெரிந்தது, அதுவரை மணப்பெண்ணுக்கும் தெரியாது போலிருக்கிறது. என் மனைவியின் தண்ணீர்க் குப்பியைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். அடுத்து என் பக்கம் திரும்பினார். எனக்கு ஏனோ குப்பென்று வியர்த்தது. வெயில்தான்.

"இயற்கையைத் திருடறவன்..." என்று அவர் விரலை உயர்த்தினார்.

"கீச்" என்றது இயற்கை.

எல்லோரும் மேலே பார்த்தோம். குருவி தூரத்தில் இருந்தது.

"இயற்கையைத் திருடறவன், தன் தாயைத் திரு..."

"கீச். கீச்."

"என்னங்க," என்றார் அக்கா. இதுவரை அக்கா வாயே திறக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முப்பத்தொரு வருஷக் குடும்ப வாழ்க்கையில் திறக்க இடம் கிடைத்ததில்லை. "உங்க வயிறு கத்துதுங்க."

"பசி" என்றார் சகலை.

"பசிச்சா கடமுடன்னுதான் கத்தும். இது கீச்சுன்னு கத்துது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சகலைக்கு அந்தப் பாக்கியம்கூட இல்லை, இடுப்பால் கெட்டார். படகுக்காரம்மா ஒரு வார்த்தை பேசாமல் முன்னால் வந்து உள்ளங்கையை நீட்டினார். சகலை ஜிப்பை இழுத்தார், கைக்குட்டையை விரித்தார். எரிமலைக் கல்லில் ஒரு சின்ன விரிசல். விரிசலுக்குள் நெல் முனை அளவு ஒரு மூக்கு. அது எங்கள் அத்தனை பேரையும் பார்த்து, கல்லுக்குள் இருந்தபடியே இன்னொரு தரம் 'கீச்' என்று குறை சொன்னது.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு பாலைக் காய்ச்சி இறக்கினதில்லை" என்றார் அக்கா, நம்ப முடியாமல். "முட்டைய அடைகாத்திருக்காரு!"

மணப்பெண் சிரித்துவிட்டாள். அவளைப் பார்த்து என் மனைவிக்குச் சிரிப்பு தொற்றிக்கொண்டது. பிறகு மாப்பிள்ளை, பிறகு நான். சகலையின் முகத்தைப் பார்க்கப் பார்க்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். படகுக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முட்டையை இரண்டு கையிலும் ஏந்தி, அடிமேல் அடி வைத்துப் போய், கூட்டில் மற்ற மூன்றோடு சேர்த்து வைத்துவிட்டு வந்தார். அந்த நடையைப் பார்த்ததும் எங்கள் சிரிப்பு தானாக நின்றது.

"எல்லாரும் படகுல ஏறி உக்காருங்க" என்றார். "தாய் வந்து உக்காந்தாத்தான் குஞ்சு பொழைக்கும். சத்தம் கேட்டா அது வராது. மூச்சு விடலாம், பேச்சு விடக் கூடாது."

சகலை உடனே வாயைத் திறந்தார். "அதாவது..."

"பேசக் கூடாதுன்னேன்."

ஐயா, அடுத்த இருபது நிமிஷத்தை நான் எப்படி வர்ணிப்பேன்! பசித்தவனைப் பார்த்திருக்கிறேன், தாகத்தில் தவித்தவனைப் பார்த்திருக்கிறேன். பேச்சு அடைத்து ஒரு மனிதன் படும் பாட்டை அன்றுதான் பார்த்தேன். ஆற்றில் ஒரு மீன் துள்ளியது. அது என்ன மீன் என்று அவருக்குத் தெரியும், சொல்ல முடியாது. மேலே ஒரு பருந்து போனது. அதைப் பற்றியும் தெரியும். விரல்கள் காற்றில் எழுதின. கழுத்து நரம்பு புடைத்தது. மாப்பிள்ளை குருவி இருக்கும் திசையை விட்டு வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தான். அதைத் திருத்த முடியாமல் சகலையின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கடைசியில் துணிப்பையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டார். 'பேசாமல் திரும்பு' என்ற பகுதி வெளியே தொங்கியது. அக்கா கண்ணை மூடிச் சாய்ந்து உட்கார்ந்து, ஆற்றுக் காற்றை வாங்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஓர் அமைதி.

ஆட்காட்டி கீழே இறங்கியது. நாலடி ஓடியது, நின்றது, எங்களைப் பார்த்தது. இன்னும் நாலடி ஓடியது. யாரோ எச்சில் விழுங்கிய சத்தத்தில் மறுபடி பின்வாங்கியது. படகுக்காரம்மாவின் கை துடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. என் மனைவி அந்தக் கை மேல் தன் கையை வைத்தாள். குருவி கூட்டருகே போய், தலையைச் சாய்த்து முட்டைகளைப் பார்த்தது. நான் கும்பிடாத தெய்வத்தை எல்லாம் கும்பிட்டேன். அது சிறகைக் கொஞ்சம் விரித்து, உடம்பை இப்படியும் அப்படியும் அசைத்து, நாலு முட்டை மேலும் உட்கார்ந்தது. படகுக்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மணப்பெண்ணும் துடைத்தாள். நானும்தான், என்ன இப்போ?

அப்போதுதான் அதிகாரியின் படகு வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. கையில் நோட்டு.

"எத்தனைம்மா?"

படகுக்காரம்மா பொய் சொல்லியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? கூட்டில் நாலும் இருந்தன. ஆனால் அவர், "பதினாறு சார்" என்று சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, "அதுல ஒண்ணு மட்டும் கொஞ்ச நேரம் டூர் போயிட்டு வந்துச்சு" என்றார்.

அதிகாரி பேனாவை மூடவில்லை. "யார் கூட்டிட்டுப் போனது?"

படகுக்காரம்மா துடுப்பைப் பார்த்தார். யாரையும் காட்டவில்லை. விருந்தாளியைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னமோ. விருந்தாளி என்ன செய்தார்? வாயில் துணிப்பையோடு படகின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் வரலாறு, ஆற்று வரலாறு, கயிற்றின் வரலாறு எல்லாம் தெரிந்தவருக்கு இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை. பேனா நோட்டை நோக்கி இறங்கியது. எழுதிவிட்டால் பதினோராவது நாளோடு படகு கவிழும்.

அக்கா கையை நீட்டி, அவர் வாயிலிருந்து பையை உருவினார்.

"பேசுங்க" என்றார். "இத்தனை வருஷம் பேசினீங்களே. இப்பப் பேசுங்க."

சகலை எழுந்து நின்றார். படகு ஆடியது.

"நான்தான்" என்றார்.

அவ்வளவுதான். முன்னாடி அதாவது இல்லை, பின்னாடி என்னன்னா இல்லை. "அந்தம்மா சொல்ல வந்தாங்க. நான் சொல்ல விடலை" என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் பேசிய மிகச் சிறிய பேச்சு அது. அன்றைக்கு மட்டும் அவரை எனக்குப் பிடித்திருந்தது.

அதிகாரி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார், அடைகாக்கும் குருவியைப் பார்த்தார், நோட்டில் 'பதினாறு' என்று எழுதி மூடினார். திட்டை மூடவில்லை. கயிற்றைப் பத்தடி பின்னால் இழுத்துக் கட்டச் சொன்னார். படகுத்துறையில் ஒரு பலகை வைக்கவும் சொன்னார். இப்போது போனால் நீங்களும் பார்க்கலாம்: 'படகுக்காரம்மா பேசி முடிக்கும்வரை வேறு யாரும் பேசக் கூடாது.' உலகத்தில் எத்தனையோ எச்சரிக்கைப் பலகை உண்டு. தனி ஒரு மனிதரின் நினைவாக வைத்தது இது ஒன்றுதான் என்று எங்கள் குடும்பத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? திரும்பும் பேருந்தில் மூன்றாவது நிறுத்தம்வரை மௌனமாக வந்தார். நாலாவது நிறுத்தத்தில் டிரைவரிடம், "அதாவது என்னன்னா, முட்டையைத் திருப்பிக் கூட்டுல வைக்கறதுக்கு ஒரு முறை இருக்கு" என்று ஆரம்பித்தார். இப்போது உறவினர் வீட்டு விசேஷங்களில் ஆட்காட்டிக் குஞ்சு ஒன்றைத் தன் உடல் சூட்டில் காப்பாற்றிய கதையை அவரே சொல்கிறார். கேட்பவர்கள் உருகிப்போகிறார்கள். அக்கா பக்கத்திலிருந்து "கீச்" என்பார். உடனே சகலை பேச்சை நிறுத்திவிடுவார். அந்த ஒரு சொல் அக்காவுக்குக் கிடைத்தது. முப்பத்தொரு வருஷத்துக்கு அதுவாவது கிடைத்ததே.

இந்த இனத்தைப் பார்த்துச் சிரித்தாயிற்று. நீங்கள் இதில் சேர்த்தி இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஊர்க்காரர் பேச்சில் குறுக்கே புகுந்ததில்லை. புகுந்திருந்தாலும் ஒரு தடவைதான், அதுவும் அவருக்கு விவரம் போதாததால். கயிற்றைத் தாண்டியதில்லை. தாண்டியிருந்தாலும் படம் எடுக்கத்தான். நீங்கள் அப்படியெல்லாம் கிடையாது. நானும் கிடையாது.

ஆனால் இதை எழுதும்போது காற்றில் தாள் பறக்காமல் இருக்க, அதன் மேல் ஒரு கூழாங்கல்லை வைத்திருக்கிறேன். செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன் என்றேன் அல்லவா? என் செருப்புக்கு வாரே கிடையாது. ஒண்ணே ஒண்ணுதான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் கிடந்ததுதான். கனமாகத்தான் இருக்கிறது, குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் தினமும் காலையில், மனைவி பார்க்காத நேரமாகப் பார்த்து, அதை எடுத்து ஒரு தரம் காதில் வைத்துப் பார்க்கிறேன். இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒன்று இருக்கிறதே, எங்கோ போனபோது எடுத்துவந்தது, எந்த ஊர் என்றுகூட இப்போது ஞாபகமில்லாதது? எதற்கும் போய் ஒரு தடவை காதில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.